குறிப்பு என்ற கட்டத்தில்

திங்கள்தோறும் காலை
பிளாக்ராக் பாலத்தடியில் இறங்கி
ஜூனி ஆற்றின் அளவைப் பார்த்து எழுதுவது என் உத்தியோகம்.
பதினோரு வாரமாக எழுதுகிறேன்: சுழியம்.
சுழியத்துக்கும் சம்பளம் உண்டு.

வீட்டில் வெர்லா கரடி செதுக்குகிறாள்.
வண்டிக் கொட்டகையில் சாணை இரைகிறது.
கல்தூசி நெஞ்சில் இறங்காதிருக்க
குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர்.
பாம்புக்கல் அரைத்த நாளில் வாளி பச்சை,
சிவப்புக்கல் என்றால் செம்மண் குழம்பு.
தெளிந்ததை மேலாக வடித்து
கையகலக் கட்டங்களாய் வரப்புப் பிடித்த
மிளகாய்ப் பாத்திக்கு ஊற்றுவாள்.
கல் குடித்த மிச்சம் என்பாள்.

தேரைக்கு மட்டும் விலை பேச மாட்டாள்.
சாண்டா ஃபே கடைக்காரன் நாலு முறை கேட்டாயிற்று.
"கரடியைக் கொண்டுபோ, மலைச்சிங்கத்தைக் கொண்டுபோ.
இதற்கு இங்கே வேலை பாக்கியிருக்கிறது."

ஜூலையில் அல்புகர்க்கி நீதிமன்றம்.
யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்கிற வழக்கு,
என் மூத்த மகளைவிட இரண்டு வயது பெரியது.
வரைபடத்தில் எங்கள் ஆறு
நீலப் புள்ளிக்கோடு.
வக்கீல் குச்சியால் தொட்டுக் கேட்டார்:
இது ஓடுகிற ஆறா, ஓடாத ஆறா?
என் நோட்டைப் புரட்டினார்கள்.
சுழியம், சுழியம், சுழியம்.
என் கையெழுத்தே எனக்கெதிராகச் சாட்சி சொன்னது.

அன்றிரவு வெர்லா
கரடியின் வாயிலிருந்து நெஞ்சுவரை
உயிர்க்கோடு பதித்துக்கொண்டிருந்தாள்.
நீலக்கல், துணுக்குத் துணுக்காய், நடுவில் பசை.
பார்த்துக்கொண்டே நின்றேன்.
"என்ன?"
"ஒன்றுமில்லை. புள்ளிக்கோடு."
"விரலை வைக்காதே. இன்னும் காயவில்லை."

ஆகஸ்டு பத்தொன்பது.
சோள மலைக்குப் பின்னால் அந்தியிலேயே கருத்திருந்தது.
விடிகாலை மூன்று மணிக்கு வந்தது,
லாரி லாரியாய்க் கல் கொட்டும் சத்தத்தோடு.
வேரோடு ஒரு பைன், யாருடைய வேலியோ,
ஆடு குடிக்கும் தகரத் தொட்டி,
எல்லாம் புரளும் செங்குழம்பு,
அவள் வாளியில் பார்த்த அதே நிறம்.

நோட்டோடு ஓடினேன்.
பாலத்தடியில் அளவுகோலைக் காணோம்.
இரும்புக் கம்பம், சிமெண்டுக் கால், அரசு முத்திரை
ஒன்றும் மிச்சமில்லை.
கோல் இல்லாமல் அளவு எழுத விதியில் இடமில்லை.

வெர்லா கரையில் குனிந்து
சோளமாவைத் தூவினாள். சட்டைப் பையில் தேரை.
வாய்க்குள் அவள் சொன்னதை
எழுத எனக்கு உரிமையில்லை.

அளவு என்ற கட்டத்தை விட்டுவிட்டேன்.
குறிப்பு என்ற கட்டத்தில்:
ஆறு அளவுகோலை எடுத்துப் போயிற்று.
வேறு அனுப்பவும்.
உயரமானதாக.