மூணாம் நம்பர்

தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிவிட்டு
சும்மா இருக்க முடியாத சேசடிமை
ராமநாதபுரம் போய் ஒரு கோழி வாங்கி வந்தான்.
ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.
அரிசிக்கடைப் பாக்கியை நான் எடுக்கவில்லை,
முதலில் பையை அவிழ்க்கட்டும் என்று இருந்தேன்.

இறகு ஒவ்வொன்றும் நுனி சுருண்டு
தலைப் பக்கம் திரும்பி நின்றது.
படகுப் பட்டறையில்
இழைப்புளி உதிர்த்த சுருளுக்குக் கால் முளைத்த மாதிரி.
எதிர்வீட்டு மெட்டில்டா எட்டிப் பார்த்து
"என்ன சீக்கு இதுக்கு?" என்றாள்.
"சீக்கு இல்ல. அலங்காரக் கோழி."
குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

தங்கச்சிமடத்தில் காற்றைப் பார்க்காமல்
யாரும் பல் விளக்குவதில்லை.
படகுக் கொடி, அடுப்புப் புகை, நாய் படுக்கும் பக்கம்,
கச்சானா கொண்டலா வாடையா, சொல்லிவிடுவோம்.
இவளைக் கேட்டால் மட்டும் தப்பு வரும்.
காற்று விழுந்து
கடல் எண்ணெயாய்க் கிடக்கிற மத்தியானத்திலும்
இவள் முதுகில் புயல்.
பாம்பனில் ஏற்றுகிற கூண்டை நினைத்து
மூணாம் நம்பர் என்று பேர் வைத்தாள் ரின்சி.

பறக்க வராது.
மற்றதுகள் உடைமரத்தில் ஏற
இவள் வலைக்குவியலில் தொற்றி
மிதவைகளுக்கு நடுவே அடைவாள்.

சுருளோடு சுருள் சேர்க்கக் கூடாதாம்,
குஞ்சு இறகு முறிந்து மொட்டையாக நிற்குமாம்,
விற்றவன் சொல்லி அனுப்பியிருந்தான்.
நீட்டு இறகுச் சேவல் மெட்டில்டாவிடம்தான் இருந்தது.
பொரிக்கிறதில் பாதி வேண்டும் என்றாள்,
சிரிக்காமல்.

எட்டு. பொரித்தபோது எல்லாம் ஒரே பஞ்சு.
மூன்றாம் நாளே வந்து
நாலின் காலில் சிவப்பு நூல் கட்டிப் போனாள்.
பத்துப் பதினைந்து நாளில் இறக்கை முளைத்துச் சுருண்டது
மூன்றுக்கு.
மூன்றும் சிவப்பு நூல்.
சேசடிமை அன்றைக்குச் சாப்பிடவில்லை.

கார்த்திகையில் நிஜமாகவே மூன்றாம் எண் ஏற்றினார்கள்.
படகுகளுக்கு இரட்டைக் கயிறு போட்டுவிட்டு
எல்லாரும் வெளியே நின்று வானத்தைப் பார்த்தோம்.
மெட்டில்டாவின் சேவல், எங்கள் வெடைகள்,
இன்னும் அடையாமல் திரிந்த அத்தனைக்கும்
பின்னாலிருந்து அடித்தது காற்று.
இறகு மல்லாந்து தலைக்கு ஏறியது.
தெரு முழுக்க அலங்காரக் கோழி.

அவள் நேற்று மாதிரியே இருந்தாள்,
ஐஸ் பெட்டி மூடியின் கீழ்
ஒரு காலைத் தூக்கிக்கொண்டு.