வேண்டாதவை

சின்னவேடம்பட்டியில் எங்கள் பம்ப் கம்பெனி.
ஆள் கிடைக்கவில்லை.
கணபதி வரைக்கும் தட்டி கட்டியாயிற்று,
பஸ்ஸின் முதுகில் ஒட்டியாயிற்று.
வருகிறவர்கள் தீபாவளி போனஸோடு
திரும்பிப் பார்க்காமல் போகிறார்கள்.

சின்ன முதலாளி சொன்னார்:
"விளம்பரத்த யாரும் நம்பறதில்லீங்க.
நம்ம ஆளுகளையே பேச வையுங்க.
நெசமான கதை வேணும்."
சொல்லிவிட்டு
நெசமான கதையைத் தட்டச்சு செய்து
நாலு பக்கம் கையில் கொடுத்தார்.

சாயிபாபா காலனியிலிருந்து கேமராப் பையன் வந்தான்.
வெளிச்சம் போதாதென்று இரண்டு குடை விளக்கு.
எண்ணெய்க் கறை தெரியக் கூடாதென்று
எல்லோருக்கும் புது நீலச் சட்டை,
மடிப்புக் கோடு இன்னும் போகாதது.
(படம் முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொண்டோம்.
பதினேழு. எண்ணித்தான்.)

ரஞ்சித் மஹதோ முதலில். ஊர் கயைப் பக்கம்.
அவன் கற்ற முதல் தமிழ் 'ங்க'.
சூப்பர்வைசரிடம் 'ங்க', பேக்கரியில் 'ங்க',
கேண்டீன் பூனையிடமும் "போங்க".
தாளில் இருந்ததை ஒரே மூச்சில் சொன்னான்:
"இந்தக் கம்பெனி என் ரெண்டாவது தாய்வீடுங்க."
கேமரா அணைந்ததும் கேட்டான்:
"ரெண்டாவது வீட்டுல அட்வான்ஸ் கிடைக்குங்களா?
தங்கச்சி கல்யாணம்."

அடுத்து சாந்தாமணி. பவர் பிரஸ். பதினோரு வருஷம்.
தாளை வாங்கிப் படித்தாள்
மளிகைக் கடை பில்லைப் படிப்பதுபோல்,
வரிவரியாக, சந்தேகத்தோடு.
'நாங்கள் ஒரே குடும்பம்.' அங்கே நின்றாள்.
"இத நான் சொல்லமாட்டனுங்க.
குடும்பத்துல ஓவர்டைம் குடுக்கமாட்டாங்க.
இங்க குடுக்கறாங்க. அதுக்குத்தானுங்க வர்றது."

கேமராப் பையன் சிரித்தான். அணைக்க மறந்தான்.

அடுத்த வரி: 'பாதுகாப்பே எங்கள் மூச்சு.'
இடது கையை விளக்குக்கு நேராய்ப் பிடித்தாள்.
சுட்டுவிரல் பாதிதான் இருந்தது.
"இது போனது ஒரு செவ்வாக்கெழமைங்க.
பெரியவரே கார்ல தூக்கிப்போட்டுக் கொண்டுபோனாரு.
சீட்டெல்லாம் ரத்தம். ஒரு வார்த்தை சொல்லல.
வெள்ளிக்கெழம வந்து பாத்தா,
இல்ல, நான் எங்க வந்தேன், மாசிலாமணி சொன்னான்,
பன்னண்டு மெசினுக்கும் மஞ்சக் கம்பித் தடுப்பு.
நல்லதுதானுங்க.
ஆனா அந்தத் தடுப்ப
எம்பட வாயால ஆடி மாசமே கேட்டிருந்தனுங்க.
விரல் போனது ஐப்பசி.
இத வேணும்னா போடுங்க."

சின்ன முதலாளி அதை இரண்டு தடவை பார்த்தார்.
காரின் பின்சீட்டைப் பற்றி
அவர் அப்பா வீட்டில் சொன்னதே இல்லை போல.
"நல்லா இருக்குது," என்றார்.
கொஞ்சம் கழித்து, "வேண்டாம்."

'வேண்டாதவை' என்றொரு கோப்புறை
என் மடிக்கணினியில் அன்றுதான் பிறந்தது.

அவிநாசிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் ஆள்சேர்ப்பு நாள்.
ஒன்பது கம்பெனி, ஒன்பது மேசை,
ஒன்பதிலும் ஒரே குடும்பம்.
பிள்ளைகள் இலவசப் பேனா வாங்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.
மூன்று மணிக்கு யாருமில்லை.
தவறுதலாக அழுத்திவிட்டேன் என்றுதான்
ஆபீசில் சொல்லியிருக்கிறேன்.

சாந்தாமணி பேசி முடித்தபோது
ஒருத்தி மட்டும் நின்றிருந்தாள்.
ர. யாழ்மொழி, மெக்கானிக்கல், மூன்றாம் ஆண்டு.
"அந்தத் தடுப்பு இப்பவும் இருக்குதுங்களா?"
"இருக்குது."
"அந்தக்கா?"
"இருக்காங்க. அதே மெசின்."
யோசித்தாள்.
"லேடீஸ் டாய்லெட் எத்தனைங்க?"

நாலு பக்கத்தில் அதற்குப் பதில் இல்லை.
"மூணு" என்றேன், சொன்ன வேகத்திலேயே சந்தேகம்.
ஆபீசில் எங்களுக்குத் தனி.
அவள் குறித்துக்கொண்டாள்,
பேனா எங்களுடையது அல்ல.

மறுநாள் ஷிப்ட் தொடங்குமுன் போய் எண்ணினேன்.
மூன்றுதான்.
நடுவிலுள்ளதற்குத் தாழ்ப்பாள் இல்லை.
தாழ்ப்பாள் இருந்த ஓட்டையில் செம்புக் கம்பி,
வைண்டிங் பெண்கள் முறுக்கியது,
எட்டுச் சுற்று, கச்சிதம்.
எத்தனை நாளாய் என்று கேட்டேன்.
"நீங்க வேலைக்கு வர்றதுக்கு முந்தியிருந்துங்க."

பர்சேஸ் சீட்டு எடுத்தேன்.
பொருள்: தாழ்ப்பாள். எண்ணிக்கை: ஒன்று.
'காரணம்' என்ற கட்டத்தில்
வெகுநேரம் பேனா நின்றது.
'விளம்பரம்' என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.