இரண்டு கேசட், ஒரு ராத்திரி வாடகை

கூத்தாநல்லூர் ஜெகபர்சாதிக் கடையில்
இரண்டு கேசட் எடுத்தால் டெக் வாடகையில் ஐந்து ரூபாய் தள்ளுபடி.
ஒன்று குதிரைப்படம். இன்னொன்று ஜப்பான்,
அவர் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது,
அடியில் சீன எழுத்து ஓடும்.
"புரியாது மாப்ளே. ஆனா புரியும்."

எங்கள் முறைத் தண்ணீர் ராத்திரி இரண்டு மணிக்கு.
அதுவரை மோட்டார் கொட்டகையில் நானும் காசிராஜனும்,
யூரியா மூட்டைமேல் சின்ன டிவி.

முதலில் குதிரை.
புழுதி ஒதுங்கி முகம் வந்தது, முகம் ஒதுங்கிக் கண் வந்தது.
அந்தக் கண் வந்தபின்
கொட்டகைக்குள் எங்களுக்கு இடமில்லை.
சுட்டான். விழுந்தான். சுட்டவன் ஊரைவிட்டுப் போனான்.
விழுந்தவனை யார் தூக்கினார்கள், காட்டவில்லை.
"கணக்கு முடிஞ்சுது பாரு" என்று தொடையில் தட்டினான் காசி.
அவனுக்கும் அண்ணன் திருமேனிக்கும்
தலைமடையில் மூன்று வருஷமாக முடியாத கணக்கு.

அப்புறம் ஜப்பான்.
பந்தியில் உட்கார்ந்த ஆள்போல்
கேமரா தரையோடு இருந்தது, எழுந்திருக்கவே இல்லை.
ஒருத்தி குடையை விரித்துக் காயவைக்கிறாள்.
அவள் உள்ளே போனபிறகும் குடையையே காட்டுகிறார்கள்.
காசி பொறுக்காமல் வேகமாக ஓடவிட்டான்.
குடை குடையாகவே இருந்தது,
காற்றுக்கு மட்டும் கொஞ்சம் அவசரம்.

கடைசியில் நாணலுக்குள் இரண்டு வாள்காரர்கள்.
நின்றார்கள்.
நான் ஒரு பீடி பற்றவைத்து முடித்தேன்.
நின்றார்கள்.
ஒரே வெட்டு, அதுவும் எங்கோ தூரத்தில்.
வெட்டியவன் போகவில்லை.
செத்தவனின் செருப்பைத் தேடி எடுத்து
காலருகே வைத்துவிட்டு
மழையில் உட்கார்ந்துகொண்டான்.
"இப்ப யாரு ஜெயிச்சா?" என்றான் காசி.

மணி இரண்டு. மண்வெட்டியும் டார்ச்சுமாகப் போனான்.
மடையில் அவனுக்கு முன்பே திருமேனி,
அவர் கையிலும் மண்வெட்டி.
வரப்பில் நான்.
கண் தெரியும், கண் தெரியும் என்று பார்த்தேன்.
டார்ச் வெளிச்சத்தில் முழங்கால்கள்தான் தெரிந்தன,
நான்கு, சேறு அப்பி,
எது யாருடையது என்று சொல்லமுடியாமல்.
தவளைகள்கூட ஒரு நிமிஷம் விட்டுவிட்டுக் கத்தின.

"லைட்ட அணைடா, செல் தீந்துடும்" என்றார் திருமேனி.
அணைத்தான்.
பிறகு தண்ணீர்ச் சத்தம்.
எந்தப் பக்கம் திரும்பியது, எனக்குத் தெரியாது.

காலையில் ஜெகபரிடம் கேட்டேன்:
அவனும் அப்படியே நிற்கிறான், இவனும் அப்படியே நிற்கிறான்,
யாரைப் பார்த்து யார் கற்றது?
"நாத்தங்கால் ஒரு ஊரு, நடவு ஒரு ஊரு.
வெத நெல்லு யாருதுன்னு அவங்களுக்குள்ளயே வழக்கு."

குதிரையை முழுசாகச் சுற்றிக் கொடுத்தேன்.
ஜப்பானைக் குடை வரைக்கும்தான்.
அதற்கு இரண்டு ரூபாய் அபராதம் போட்டார்.