இரண்டு விரல் ஆட்டம்

டாக்டர் மோர்வித் ப்யூ இறங்கும்போதே சொல்லிவிட்டார்:
"பெரிதாக ஒன்றுமில்லை, இவான்.
ஸ்டியரிங் கொஞ்சம் யோசிக்கிறது."

யோசிக்கத்தான் செய்தது.
வளையத்தை இடப்பக்கம் அசைத்தேன்.
இரண்டு விரல் அகலம் வரை
சக்கரங்களுக்குச் செய்தி போகவில்லை.
வலப்பக்கமும் அப்படியே.
நடுவே யாருக்கும் சொந்தமில்லாத ஒரு வெளி.
அதற்குள் கையை வைத்துக்கொண்டுதான் இந்த அம்மாள்
மழையில்லாத நாளெல்லாம் ஹார்லெக் சரிவில் இறங்கி
பண்ணை பண்ணையாகப் போய்
பசுக்களுக்குப் பிரசவம் பார்த்திருக்கிறார்.

அறுபத்தொன்றாம் வருடத்து எம்ஜிஏ. சிவப்பு,
பெயின்ட் மிச்சமிருந்த இடங்களில் மட்டும்.
மிதிகட்டைகளின் கீழே தலையைக் கொடுத்து
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
இணைப்பு போல்ட்டைக் கழற்றினேன்.
அதற்கு முன் இருபுறமும் பஞ்சால் ஒரு புள்ளி.
ஒரு பல் தள்ளிப் பூட்டினாலும்
வண்டி நேரே போகும், வளையம் கோணி நிற்கும்,
பார்க்கிற ஊர் என்னைத்தான் திட்டும்.

தண்டு வந்தது.
கூடவே துரு, வைக்கோல்,
எலி ஒன்று சேமித்துவைத்த அரைக் கொட்டை.
கம்பளி புஷ் இருக்க வேண்டிய இடத்தில்
கம்பளி இல்லை.
குழாயோடு உரசி உரசித் தண்டின் இடுப்பு
அரை நூல் இளைத்திருந்தது.
இளைத்த இடத்தைச் சுற்றி ஒரு தகரப் பட்டை.
துடைத்தேன். பச்சை பெயின்ட், பாதி எழுத்து.
புகையிலை டப்பி.

போன் செய்தேன்.
"அதுவா? நான்தான். எண்பத்து மூன்று, பிப்ரவரி.
ஞாயிற்றுக்கிழமை வரை தாங்கட்டும் என்று வைத்தேன்."
"எந்த ஞாயிற்றுக்கிழமை?"
"அதைத்தான் குறித்துவைக்கவில்லை."

வெல்டிங்கில் சதை ஏற்றி, ஆறவிட்டு,
லேத்தில் மயிர் மயிராகக் கடைந்தேன்.
இணைப்புக்குப் புது சிலுவை, நான்கு கிண்ணம்,
கிண்ணம் நிறைய ஊசி பேரிங்.
அதில் ஓர் ஊசி கைதவறி உருண்டு போனது.
தேடிய மாலையை பில்லில் சேர்க்கவில்லை.
புதுக் கம்பளி கிராஃபைட் எண்ணெயில் இரவெல்லாம் ஊறியது.
புள்ளிக்குப் புள்ளி. போல்ட் அதன் பள்ளத்தில்.
வளையத்தை ஒரு விரலால் தொட்டேன்,
தொட்டதும் டயர் திரும்பிப் பார்த்தது.
எனக்கு நானே விசில் அடித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை அவர் ஓட்ட, நான் பக்கத்தில்.
சர்ச்சைத் தாண்டி முதல் வளைவு.
வழக்கம்போல வளைவு வருமுன்பே
இரண்டு விரல் முன்பணம் கொடுத்தார்.
கார் அதை அப்படியே வாங்கிக்கொண்டது.

மஞ்சள் பூத்த முட்புதர் கதவுவரை உள்ளே வந்தது.
சுவருக்கு இன்னும் ஒரு சாண் இருந்தது.
ஓர் ஆடு மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

"இது என் கார் இல்லை," என்றார்.

இன்ஜின் அணைந்திருந்தது.
மடியில் விழுந்த பூவைத் தட்டிவிட்டார்.
"கன்றின் கால் கைக்கு அகப்பட்டதும் இழுத்துவிடக் கூடாது, இவான்.
பசு முக்கும்வரை பிடித்தபடி நிற்க வேண்டும்.
இதிலும் நான் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன்.
அதைப் போய்
கடைந்து எடுத்துவிட்டாயே."

ஐநூற்று நாற்பது பவுண்டுக்கு
நான் செய்து கொடுத்தது அதைத்தான்.
என்ன சொல்வது?
சட்டைப்பையில் அந்தத் தகரப் பட்டை குத்தியது.
எடுத்து நீட்டினேன்.
வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து,
அந்தப் பாதி எழுத்தை வாசித்துவிட்டு
கையுறைப் பெட்டியில் போட்டார்.

பிறகு பின்னால் எடுத்தார்.
அதே வளைவு. பதினைந்து மைல் வேகம்.
தோள் கிளம்பியது, கை மறுத்தது.
மறுபடி பின்னால். மறுபடி.
ஐந்தாம் முறையும் கொஞ்சம் முன்னதாகத்தான்.
ஆடு மெல்லத் தொடங்கிவிட்டது.

அன்று வீடு திரும்பும்போது
அதே இடத்தில்தான் கவனித்தேன்.
என் வேன், பதினொரு வருடத்து வேன்,
வளைவு இன்னும் வரவில்லை,
என் கை எப்போதோ கிளம்பிவிட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும்.