பங்காளி

பாகம் பிரித்த அன்று
படகு த்ரிபோவுக்கு, தண்ணீர் எனக்கு.
கோட்டோர் நோட்டரி கண்ணாடியைத் துடைத்துவிட்டு
மறுபடி வாசித்தார்:
ஸ்தோலிவ் கரையிலிருந்து முப்பது மீட்டர் தள்ளி
நூற்றிருபது நீல டிரம்கள், அவற்றின் கயிறுகள்,
கயிறுகளில் தொங்குவன யாவும்
மகள் பெரினாவுக்கு.

சிப்பி வளர்ப்பது பொறுமையின் வேலை என்பார்கள்.
பொய். அது துணி துவைக்கிற வேலை.
குஞ்சுகளை வலைக்காலுறையில் திணி, தொங்கவிடு,
நான்கு மாதம் கழித்து இழு, உதறு, பாசி உரி,
வளர்ந்ததற்குப் பெரிய காலுறை மாட்டு,
மறுபடி தொங்கவிடு.
மார்ச்சில் மலையின் ஊற்றுகள் கடலுக்குள்ளேயே கண் திறக்கும்.
அந்தக் குளிரில் விரல்கள் வேறு யாருடையவோ ஆகிவிடும்.

போன மே மாதம் ஒரு கயிற்றை இழுத்தேன்.
எடையே இல்லை.
அடுத்தது. அதற்கடுத்தது.
வெறும் காலுறைகள், ஓரங்களில் கறுத்த ஓட்டுச் சில்லுகள்,
சாப்பிட்டவர்கள் காசு வைக்காமல் எழுந்துபோன மேசை போல.

அன்று ராத்திரி தெப்பத்தில் போய்
பலகையில் காதை வைத்துப் படுத்தேன்.
நொறுக். நொறுக்.
கால்பந்து மைதானத்தில் சூரியகாந்தி விதை கொறிக்கும் கூட்டம்
எனக்கு அடியில் உட்கார்ந்திருந்தது.

ஒராதா மீன்கள்.
இரு கண்ணுக்கும் நடுவே பொன்பட்டை கட்டிக்கொண்டு
அழைப்பில்லாத கல்யாணத்துக்கு
குடும்பம் குடும்பமாய் வந்திருந்தன.

அதே வாரம்தான் த்ரிபோவுக்கு அதிர்ஷ்டம் அடித்தது.
பெரிய கப்பலில் வந்து இறங்குகிறவர்களுக்காக
பெராஸ்ட் உணவகங்கள் கிலோவுக்கு இருபத்திரண்டு யூரோ தந்தன.
புது எஞ்சின் வாங்கினான். மனைவிக்குப் பல் கட்டினான்.
வலை எங்கே போடுகிறாய் என்றேன்.
'கடலில்' என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மீனோடு வந்தான்.
அவன் பார்க்கவே வயிற்றைக் கிழித்தேன்.
கறுப்பும் ஊதாவுமாய் ஓட்டுத் தூள்.
கழுவி, அடுப்போரம் காயவைத்து,
மாவு நிறுக்கும் தராசில் கொட்டினேன்.
நாற்பத்தொரு கிராம்.

'இது என் சிப்பி' என்றேன்.
'இது என் மீன்' என்றான்.
இரண்டும் உண்மை.
மேசைமேல் கிடந்த மூன்றாம் பங்காளி
வாயைத் திறந்து வைத்துக்கொண்டும்
ஒன்றும் சொல்லவில்லை.

வழக்குப் போடலாமா என்று கேட்டுப் பார்த்தேன்.
அதே நோட்டரி, அதே கண்ணாடி.
தொங்குவன என்றுதான் இருக்கிறது பெரினா,
நீந்துவன என்று இல்லை.

ஆகவே ஒப்பந்தம் எங்களுக்குள்.
வாரம் ஒரு மீன், குடலோடு, முழுசாக.
நான் நிறுத்து நோட்டில் எழுதுவேன்.
அவன் காபி குடிப்பான், நோட்டைப் பார்க்கமாட்டான்.
அக்டோபர் முடிய எழுநூற்றுச் சொச்சம் கிராம்.
காணாமல் போனது எத்தனை டன் என்று
இரண்டு பேருக்குமே தெரியும்.

இன்றைய மீனின் குடலில் ஓடு இல்லை.
ஒரு தூண்டில் முள் இருந்தது,
காதில் சிவப்பு நூல் மூன்று சுற்று.
பத்து வயதிலிருந்தே த்ரிபோ அப்படித்தான் சுற்றுவான்.
தூண்டிலே போடுவதில்லை என்று
போன மாதம்தான் சத்தியம் செய்தான்.

முள்ளையும் தராசில் வைத்தேன். இரண்டு கிராம்.
வரவா, பற்றா?
வெளியே பூரா காற்றில்
டிரம்கள் ஒன்றையொன்று முட்டிக்கொள்கின்றன.
பேனாவைத் திறந்தபடி நிற்கிறேன்.

அவன் இரண்டாவது காபி கேட்கிறான்.