இரண்டு அங்குலம்

நாகலூர் அஞ்சலகத்தில்
தபால்தலைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு
பிரிய மறுத்தன.
உறைகள், கடிதம் உள்ளே போகும் முன்பே
தாமாக வாயை மூடிக்கொண்டன.
மேற்குச் சுவரில், சேமிப்புப் படிவங்களுக்குப் பின்னால்,
பாசி ஒரு வரைபடம் போட்டிருந்தது.
"மாசம் ஒரு தாலுகா பிடிக்குது" என்றார்
போஸ்ட்மாஸ்டர் ரெஜினா.

இருபது கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே
சூரமங்கலத்தில் எனக்கும் உண்டு ஒரு மேற்குச் சுவர்.
பகலில் கடன் வாங்கிய வெயிலை
இரவு பதினோரு மணிக்கு
வட்டியோடு என் முதுகில் கட்டும்.
கட்டில் போட அந்த வீட்டில் வேறு இடமில்லை.
ஈரத்தைப் பற்றி எனக்கென்ன தெரியும்?
வியர்வை தெரியும்.

கரண்டியால் சுரண்டினேன்.
நீலத்துக்கு அடியில் மஞ்சள், அதற்கடியில் இன்னொரு நீலம்,
ஒவ்வொரு மழைக்கும் ஒரு பூச்சு,
பிளாஸ்டிக் சட்டை மேல் பிளாஸ்டிக் சட்டை.
"தண்ணி உள்ளே வரக்கூடாதுன்னு அடிச்சோம்."
"வந்தது வெளியே போகக்கூடாதுன்னும்
சேர்த்து அடிச்சிருக்கீங்க."

வரைந்தேன்:
வெளியே ஒரு செங்கல் சுவர். அது நனையட்டும்,
நனைவதுதான் அதன் உத்தியோகம்.
உள்ளே ஒரு செங்கல் சுவர். அதற்கு மழை
செவிவழிச் செய்தியாக மட்டும்.
நடுவில் இரண்டு அங்குலம்
ஒன்றுமில்லை.

சேலத்துக் கணக்கர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"ஒன்றுமில்லாததுக்கு எதுக்கு
எஸ்டிமேட்டில் தனி வரி?"
அதைக் கட்டத்தான் சார்
கூலி அதிகம்.

பொய்யில்லை. மாசிப் பனியில் செங்கோடன்
அந்தச் சந்துக்குள் இரண்டு கயிற்றில் ஒரு ரீப்பரைத் தொங்கவிட்டு,
ஆறு வரிசைக்கு ஒருமுறை தூக்கினான்,
கிணற்றில் விழுந்த வாளியை எடுப்பதுபோல.
விழுந்த கலவையெல்லாம் அதன் மேல் ஏறி வந்தது.
சுவரையும் சுவரையும் பிணைக்கும் துருவேறாக் கம்பிக்கு
நடுவில் ஒரு மடிப்பு வைத்தோம்.
வெளியிலிருந்து கம்பி மேல் நடந்துவரும் துளி
அங்கே தயங்கி, கீழே விழும்.
அடியில் சாய்வாகத் தார்த்தாள்.
மூன்று கல்லுக்கு ஒரு துளை, வடிய.
வெளிப்பூச்சுக்குச் சுண்ணாம்பு. தலைக்கு மேல்
இரண்டடி நீட்டிய கூரை.

ஆவணியில் ரெஜினா போன் செய்தார்:
"செவுத்துக்குள்ள யாரோ தண்ணி குடிக்கிற சத்தம் கேக்குது."

மழையிலேயே பைக்கில் ஏறினேன்.
பதினான்காம் வளைவில் மேகம் இறங்கி
முன்சக்கரத்தைத் தின்றிருந்தது.
போய்ப் பார்த்தால்
துளை ஒன்றுகூட இல்லை.
வெள்ளையடித்த நல்லமுத்து, கைநேர்த்தி உள்ள மனுஷன்,
நாற்பத்தோரு துளையையும் பட்டி வைத்து அடைத்து,
தேய்த்து, வழவழப்பாக்கி வைத்திருந்தார்.
"குளவி கூடு கட்டும் சார்.
பார்க்கவும் நல்லால்ல."
திட்ட வாயெடுத்தேன். வரைபடத்தில் அவை
வெறும் புள்ளிகள்.
எதற்கென்று நான்
யாரிடமும் சொல்லவில்லை.

முதல் துளையைக் குடைந்ததும்
செம்மண் நிறத்தில் ஒரு கோடு
என் செருப்புக்குள் பாய்ந்தது. அடுத்தது, அதற்கடுத்தது.
மிளகுக் கொடிப் பக்கமாகச் சுவர்
வரிசையாகப் பெய்தது.
வாங்கிவைத்த டீ ஆடை கட்டும்வரை
மூவரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.
பிறகு நல்லமுத்து கொசுவலையைக் கத்தரித்து,
பீடி சுருட்டுவதுபோல் சுருட்டி,
ஒவ்வொரு துளையிலும் செருகிக்கொண்டே போனார்.
குளவிக்கு வழியில்லை, தண்ணீருக்கு உண்டு.

தை மாதம் ரெஜினாவிடமிருந்து கடிதம்.
தபால்தலை நேராக, தனியாக உட்கார்ந்திருந்தது.
உறை மட்டும் திறந்தே வந்தது.
இத்தனை வருஷமாக அது தானே ஒட்டிக்கொள்ளுமாம்,
பசை தடவ
மறந்துவிட்டாராம்.

சூரமங்கலத்தில், சுடும் சுவருக்குப் பக்கத்தில் படுத்து,
மனைவி அதை இரண்டுமுறை படித்தாள்.
மடித்த கடிதத்தால் விசிறிக்கொண்டே கேட்டாள்:
"ஒன்றுமில்லாதது
இங்கே சதுர அடி என்ன விலை?"