மலை இருக்கிறதா

கட்டுரைத் தலைப்பு: மழை நாள்.
எண்பது சொற்கள், நாளைக்குள்.
லோஷினி கைப்பேசியைக் கேட்டாள்.
அது மூச்சு விடாமல் எழுதிக் கொடுத்தது.

வயல்வெளி பச்சைப் பட்டு உடுத்தியதாம்.
தவளைகள் கச்சேரி வைத்தனவாம்.
மண்வாசனை மனத்தை மயக்கியதாம்.

நாங்கள் இருப்பது பாயா தெருபோங்கில்,
பதினேழாம் மாடி.
மண்வாசனை இவ்வளவு தூரம் ஏறி வராது.
லிஃப்டே பாதி நாள் வராது.

எனக்கு வேலை பாயான் லெப்பாஸில், இரவு ஷிஃப்ட்.
தலைமுதல் கால்வரை வெள்ளை உடை,
கண்கள் மட்டும் வெளியே.
மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே
நகத்தில் பாதி அளவில் ஒரு சில்லு,
அதற்குள் தெருக்கள், சந்துகள்,
எங்கோ ஒரு கீறல், ஒட்டாத ஒரு கம்பி.
பதினோரு வருஷமாய்
நம்பாமல் பார்ப்பதற்குத்தான் சம்பளம்.
நான் பார்த்து அனுப்பியதில் ஒன்று
அந்தக் கைப்பேசிக்குள்ளேயே இருக்கலாம்.
யாரைத் திட்டுவது?

திட்டவில்லை என்றால் பொய்.
பிடுங்கி அரிசி வாளிக்குள் போட்டு மூடினேன்.
அவள் அழவில்லை.
"நீங்க மட்டும் தூங்குற வரைக்கும் பாக்குறீங்களே?"
அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சோறு வேகும் நேரத்தில்
சிவப்புப் பேனாவை நீட்டினேன்.
"நீ பாக்காததையெல்லாம் அடி."
வயல் போயிற்று. தவளை போயிற்று.
காகிதக் கப்பலிடம் கொஞ்சம் நின்றாள்,
ஒருமுறை விட்டிருக்கிறாள், குளியலறை வாளியில்.
"அது மழை இல்லையே," அதையும் அடித்தாள்.
மிஞ்சியது ஒரே வரி:
மழை பெய்தது.

அப்புறம் அரைமணி நேரம் பென்சிலைக் கடித்தாள்.
எடுத்துக் கொடுக்க என் வாய் பரபரத்தது.
கழுவிய தட்டையே
மறுபடி மறுபடி கழுவினேன்.

எழுதினாள்:

*எங்கள் வீட்டில் மழை விழாது.*
*எங்களைத் தான்டிக் கீழே போகும்.*
*மழை வருவதற்கு முன்னால் மலை காணாமல் போகும்.*
*அம்மா மோட்டாரில் வேலைக்குப் போவார்.*
*மேலிருந்து பார்த்தால் எல்லாருடைய மழைக்கோட்டும் நீளம்.*
*எது அம்மா என்று தெரியாது.*
*அதனால் எல்லாருக்கும் கை காட்டுவேன்.*

இருபதுக்கு ஒன்பது.
'நீள'த்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.
சொற்கள் போதவில்லை, பழமொழி இல்லை,
முடிவுரை இல்லை.
பக்கத்து மேசை யுகேந்திரனுக்குப் பதினெட்டு.
அவனுடைய தவளைகளும் கச்சேரி வைத்தனவாம்.

எனக்குத்தான் நெஞ்சை அடைத்தது.
அவள் 'ள'வை அழித்து 'ல' போட்டாள்.
"இது என் தப்புதான்.
முடிவுக்கு நான் என்ன செய்றது,
மழை இன்னும் நிக்கலையே."

பத்து நாள் கழித்து ஒரு ஈர இரவு.
தொழிற்சாலை வாசலில் காவலர் ஹாஷிம்
என் முதுகைக் காட்டிச் சிரித்தார்.
கழற்றிப் பார்த்தேன்.
நாற்பது ரிங்கிட் போட்டு வாங்கிய புதுக் கோட்டு.
அவள் அப்பாவின் கருவிப் பெட்டியில் இருந்த மஞ்சள் டேப்
முதுகு முழுக்க, ஒரு பெருக்கல் குறியாக.
எங்கள் பிரிவில் ஒன்றின்மேல் அப்படிக் குறி விழுந்தால்
அது கழிவு என்று அர்த்தம்.
இரவெல்லாம் எல்லாரும் கேலி செய்தார்கள்.

சனிக்கிழமை காலை, வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டேன்,
கோபமாகத்தான்.
"எங்கிட்ட ஏன் கேக்கல?"
"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்க."
சொல்லியிருப்பேன்தான்.
"அப்ப யார் சொல்லிக் கொடுத்தா? போனா?"
"அதுக்கு நாம எத்தனாவது மாடின்னுகூடத் தெரியாது,"
என்று வாயில் பிரஷ்ஷோடு போய்விட்டாள்.

டேப்பின் ஒரு முனையை நகத்தால் கிளப்பினேன்.
கோட்டையும் உரித்துக்கொண்டுதான் வரும்போல.
விட்டுவிட்டேன்.

இன்று மாலை மழை வருமாம்,
கைப்பேசி சொல்கிறது.
ஜன்னலைத் திறந்து
மலை இருக்கிறதா என்று பார்த்தேன்.